வெள்ளிக்கிழமை போட்ட வலை
கடல் சட்டமும் பிடிப்பவனின் மனச்சாட்சியும்

நமது கரையோர ஊர்களில் மீனைப் பற்றியோ மான், மரை பற்றியோ பேச்சு வந்தால் இரண்டு வாதங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். ஒன்று: "சட்டத்துல அப்பிடி ஒண்டும் இல்லியே காக்கா. பொறகு என்னத்துக்கு லைசன் தந்திரிக்காங்க?" மற்றது: "சட்டம் கொழும்புல இரிந்து எழுதினது. கடல் எனக்குத் தெரியும். எதப் பிடிக்கணும், எப்பப் பிடிக்கணும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவல்ல."

முதலாமவர் சட்டத்தின் எழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மனச்சாட்சியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார். இரண்டாமவர் மனச்சாட்சியை எடுத்துக்கொண்டு சட்டத்தைக் கரையில் விட்டுவிடுகிறார். இருவருமே தொழுகையாளிகள். ஹலாலான உழைப்பு வேண்டும் என்றே இருவரும் சொல்கிறார்கள். அப்படியானால் யார் சொல்வது சரி?

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் இஷாவுக்குப் பின் நடக்கும் வகுப்புக்குக் கடற்றொழிலாளர் சிலர் வருவார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தன. அவற்றுள் ஒன்று எனக்கு மிகவும் கனமாகப் பட்டது. "சினை இரிக்கிற சிங்கி இறால நான் திரும்பக் கடல்ல போடுறன். அடுத்த தோணிக்காரன் அதையே பிடிச்சி விக்கிறான். அப்ப நான் நல்ல மனுசனா, மடையனா?" இதற்கு நேர்மையான பதில் ஒன்றைச் சொல்ல முடியாவிட்டால் நமது பயான்களால் அந்த மனிதருக்கு எந்தப் பயனும் இல்லை. அந்தப் பதிலுக்கு வர, முதலில் அல்குர்ஆன் சொல்லும் ஒரு மீன்பிடி ஊருக்குப் போக வேண்டும்.

சனிக்கிழமை ஊர்

ஸூரதுல் அஃராஃபின் 163ஆம் வசனத்திலிருந்து கடலோர ஊர் ஒன்றின் கதை தொடங்குகிறது. பனூ இஸ்ராயீல்களுக்குச் சனிக்கிழமை மீன் பிடிப்பது தடை. சோதனை எப்படி வந்தது என்றால், அந்த நாளில்தான் மீன்கள் தண்ணீர் மேலே தெரிய வந்தன; மற்ற நாட்களில் வரவில்லை. அந்த மக்கள் எல்லை மீறினார்கள் என்று வசனம் சொல்கிறது. எப்படி மீறினார்கள் என்பதைத் தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். வெள்ளிக்கிழமையே வலையைப் போட்டு, குழிகளைத் தோண்டி வைத்துவிடுவார்கள். சனிக்கிழமை மீன் தானாக வந்து சிக்கும். ஞாயிற்றுக்கிழமை போய் அள்ளிக்கொள்வார்கள்.

எழுத்தின்படி பார்த்தால் அவர்களில் எவரும் சனிக்கிழமை மீன் பிடிக்கவில்லை. ஒரு சட்டத்தரணி அவர்களுக்காக அழகாக வாதாடியிருப்பார். ஆனால் அல்லாஹ்விடம் அந்த வாதம் எடுபடவில்லை. தடையின் நோக்கம் வலை நனையும் கிழமையை மாற்றுவதல்ல. ஆசை முன்னே வந்து நிற்கும்போது மனிதன் கையை அடக்குகிறானா என்பதுதான் அங்கே பார்க்கப்பட்டது. ஷரீஅத் சட்டக்கலையில் 'ஹீலா' எனப்படும் தந்திர வழிகளைக் கண்டிப்பவர்கள் இந்தச் சம்பவத்தை முதல் ஆதாரமாகக் காட்டுவது இதனால்தான்.

இதை நம் கடலுக்குக் கொண்டுவருவோம். இலங்கையில் சிங்கி இறால் பிடிப்பதற்குப் பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் தடை உண்டு. சினையுள்ள இறாலை எந்த மாதத்திலும் பிடிக்கவோ விற்கவோ கூடாது. ஒரு தாய் இறாலின் வாலடியில் ஒட்டியிருக்கும் முட்டைகள் இலட்சக்கணக்கில் இருக்கும் என்பதால்தான் இந்த விதி. இப்போது ஒருவர் சினையைத் தூரிகையால் தேய்த்துக் கழுவிவிட்டு, "இதுல சினை இல்லியே" என்று விற்கிறார். இன்னொருவர் தடை மாதத்தில் பிடித்ததைக் கூட்டில் அடைத்து உயிரோடு வைத்திருந்து, தடை நீங்கிய அன்று காலையில் வெளியே எடுக்கிறார். கூட்டைத் திறந்த திகதி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் செய்தது வெள்ளிக்கிழமை போட்ட வலைதான். காலம் மாறியிருக்கிறது, கடல் மாறியிருக்கிறது, தந்திரம் அதேதான்.

வேட்டைச் சட்டத்துக்குள்ளேயே ஒரு தராசு

எழுத்து முக்கியமில்லை, நோக்கம் மட்டும் போதும் என்று இதிலிருந்து முடிவெடுத்தால் அடுத்த தவறில் விழுவோம். ஸூரதுல் மாஇதாவின் 94, 95, 96ஆம் வசனங்கள் இஹ்ராமில் இருப்பவரின் வேட்டையைப் பற்றிப் பேசுகின்றன. கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகள் வந்து நிற்கும், மறைவில் யார் அல்லாஹ்வை அஞ்சுகிறார் என்பது தெரியவரும் என்பது 94ஆம் வசனத்தின் கருத்து. சனிக்கிழமை மீனுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைக் கவனியுங்கள். 96ஆம் வசனம் கடல் வேட்டையை இஹ்ராமில் இருப்பவருக்கும் ஆகுமாக்குகிறது. எல்லை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது எழுத்தில் தெளிவாக வரையப்பட்டுவிட்டது.

இடையில் உள்ள 95ஆம் வசனம் இன்னும் நுட்பமானது. இஹ்ராமில் வேண்டுமென்றே பிராணியைக் கொன்றவர் அதற்கு ஈடான கால்நடையைக் கொடுக்க வேண்டும். எது ஈடு? அதை நீதமுள்ள இருவர் தீர்மானிக்க வேண்டும். தீக்கோழிக்கு ஒட்டகம், காட்டுக்கழுதைக்கு மாடு, மானுக்கு ஆடு என்று ஸஹாபாக்கள் தீர்ப்பளித்ததை நமது ஷாஃபிஈ நூல்கள் பதிவு செய்கின்றன. ஆக, சட்டத்துக்குள்ளேயே மனித மதிப்பீட்டுக்கு இடம் விடப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த மதிப்பீட்டைக் கொன்றவரின் ஆசையிடம் ஒப்படைக்கவில்லை. நீதமுள்ளவர்களிடம் ஒப்படைத்திருக்கிறது, அதுவும் ஒருவரிடமல்ல, இருவரிடம். 'என் மனசுக்குச் சரியாப் பட்டிச்சி' என்று சொல்பவர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அபூகதாதா (ரலி) அவர்களின் சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. தோழர்கள் இஹ்ராமில் இருக்கிறார்கள்; அவர் மட்டும் இஹ்ராமில் இல்லை. காட்டுக்கழுதை ஒன்று தென்படுகிறது. குதிரையில் ஏறிய அவர் தன் சாட்டையை எடுத்துத் தரும்படி கேட்கிறார். தோழர்கள் மறுத்துவிடுகிறார்கள். வேட்டைக்குச் சாட்டையை எடுத்துக் கொடுப்பதும் உதவிதான் என்று அவர்கள் அஞ்சினார்கள். பின்னர் இறைச்சியைச் சாப்பிடுவதா என்று சந்தேகம் வந்தபோது நபி (ஸல்) அவர்கள் கேட்டது ஒரே விடயம்: உங்களில் எவராவது அவரைத் தூண்டினீர்களா, அதைக் காட்டிக்கொடுத்தீர்களா? இல்லை என்றதும் சாப்பிட அனுமதித்தார்கள். இன்னொரு சந்தர்ப்பத்தில் இஹ்ராமில் இருந்த நபியவர்களுக்கு ஸஃப் இப்னு ஜத்தாமா (ரலி) வேட்டையைக் கொடுத்தபோது ஏற்கவில்லை. அது நபியவர்களுக்காகவே வேட்டையாடப்பட்டது என்பதால் மறுத்தார்கள் என்று இரண்டு ஹதீஸ்களையும் ஷாஃபிஈ அறிஞர்கள் இணைத்து விளக்குகிறார்கள்.

துவக்கைத் தூக்காத, தோணியில் ஏறாத நம்மைப் போன்றவர்களுக்கான பாடம் இதுதான். கலியாணத்துக்கு மான் இறைச்சி வேண்டும் என்று ஒருவரிடம் சொல்லிவைப்பவர் காட்டுக்குப் போகவில்லை. ஆனால் சாட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நாட்டுச் சட்டம் நம்மைக் கட்டுமா?

"அல்லாஹ் ஹலாலாக்கினத அரசாங்கம் எப்பிடி ஹராமாக்கும்?" என்ற கேள்வி அடுத்தது. ஆவுளியாவை உதாரணமாக எடுப்போம். மன்னார், கற்பிட்டிக் கடற்பகுதிகளில் ஒரு காலத்தில் அதன் இறைச்சி சாதாரணமாகப் புழங்கியது. கடலில் மட்டும் வாழும் பிராணிகள் ஆகுமானவை என்ற ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தின்படி அதை உண்பதில் தடை இல்லை. ஆனால் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் கொல்வதும் குற்றம். கடலாமையும் அப்படியே. ஆனால் ஆமை விடயத்தில் மத்ஹபின் சரியான கருத்தும் அதை உண்ணக்கூடாது என்பதால் முரண்பாடு எழுவதில்லை.

ஆவுளியாவுக்கு என்ன பதில்? அரசாங்கம் அதை ஹராம் என்று சொல்லவில்லை. ஆகுமான ஒன்றைப் பொதுநலனுக்காகக் கட்டுப்படுத்துகிறது. மக்கள் மீதான ஆட்சியாளரின் நடவடிக்கை நலனோடு கட்டுண்டது என்பது ஃபிக்ஹின் பிரபலமான விதிகளில் ஒன்று. ஆவுளியா பல வருட இடைவெளியில் ஒரே ஒரு குட்டி ஈனும் பிராணி. இன்று பிடித்தால் நாளைக்கு நிரம்பிவிடும் சூடை மீன் அல்ல அது.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் எல்லைக்குள் வேட்டையாடுவதையும் மரம் வெட்டுவதையும் தடுத்தார்கள். நகீஃ என்ற இடத்தைக் குதிரைகளுக்காகப் பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலமாக, அதாவது 'ஹிமா'வாக ஆக்கினார்கள். ஹலால் தெளிவு, ஹராம் தெளிவு, இடையில் சந்தேகமானவை உண்டு என்று சொல்லும் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸிலும் வேலியோரம் ஆடு மேய்ப்பவனின் உவமை இந்த ஹிமாவைத்தான் குறிக்கிறது. சட்டம் வேலி போட்ட இடத்தில் விளிம்பிலேயே மேய்ப்பவன் ஒருநாள் உள்ளே போயே தீருவான்.

ஸூரதுல் மாஇதாவின் முதலாவது வசனத்தையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி கட்டளையிடும் அதே வசனம், அடுத்த மூச்சில் இஹ்ராமில் வேட்டை ஆகாது என்கிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடி மற்றும் நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் நாம் பெறும் அனுமதிப்பத்திரமும் நிபந்தனைகளோடு கையெழுத்து வைத்த ஓர் ஒப்பந்தம்தான். வெடியும் நஞ்சும் பாவிப்பதில்லை, 2006இல் தடை செய்யப்பட்ட தங்கூசி வலை போடுவதில்லை, 2017ஆம் ஆண்டின் திருத்தத்தால் தடுக்கப்பட்ட இழுவை மடி இழுப்பதில்லை என்பதெல்லாம் அதற்குள் அடக்கம்.

சட்டம் பேசாத இடம்

நடுக்கடலில் இரவு இரண்டு மணிக்கு எந்த அதிகாரியும் நிற்பதில்லை. அதைவிடச் சட்டமே வாய் திறக்காத இடங்களும் நிறைய. மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, அறுந்து போன வலை. கடலில் விட்ட வலை யாருடைய கையும் இல்லாமல் மாதக்கணக்காக மீனையும் ஆமையையும் கொன்றுகொண்டே இருக்கும். தங்கூசி மக்கிப் போகாது. பாரில் சிக்கிய தன் வலையைத் தேடி எடுக்க ஒருவர் அரை நாளைச் செலவழித்தால் சட்டம் அவருக்குப் பரிசு தரப்போவதில்லை. எடுக்காமல் வந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியப்போவதுமில்லை. மனச்சாட்சிக்கு வேலை இங்கேதான்.

இரண்டு, வெடி மீன். செத்த மீனும் ஹலால் என்பதால் வெடியில் செத்ததும் உண்ணக் கூடியதே என்று மீன் வியாபாரி வாதிப்பார். பொருளைப் பற்றி அவர் சொல்வது பிழையில்லை. ஆனால் பொருளின் சட்டம் வேறு, செயலின் சட்டம் வேறு. வெடி, பாரையும் குஞ்சையும் சேர்த்தே அழிக்கிறது. செத்ததில் ஒரு பகுதி மிதக்காமல் அடியிலேயே போய்விடுகிறது. போட்டவரின் கையையே பறித்த சம்பவங்களும் கரையோர ஊர்களுக்குப் புதிதல்ல. சதை நொந்து, உள்ளே இரத்தம் கட்டிய மீனை அடையாளம் தெரிந்தும் மலிவுக்காக வாங்குபவர் அடுத்த வெடிக்குக் காசு கொடுக்கிறார்.

மூன்று, காட்டுக் கண்ணி. பன்றி பயிரை அழிக்கிறது என்று கட்டும் கம்பிச் சுருக்குக்குப் பன்றி எது, மான் எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் மிக அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று அப்படிச் சிக்கிப் பின்னர் இறந்தது. சுருக்கில் நெரிந்து செத்த மானின் இறைச்சியோ இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' தெளிவாகச் சொல்வதுபோல ஹராம். காலையில் போய்ப் பார்க்கும்போது அது உயிரோடிருந்ததா என்பதை விற்பவரின் வாய்ச்சொல் தவிர வேறு எதைக் கொண்டு அறிவோம்?

மனம் சட்டத்தைத் தளர்த்தலாமா?

இப்போது எதிர்ப்பக்கம். ஆழ்கடல் வலையில் வால் உடம்பின் நீளத்துக்கே நீண்ட ஒரு வகைச் சுறா செத்தே ஏறுகிறது. 2012 முதல் இந்தச் சுறாவைப் பிடிப்பதும் படகில் வைத்திருப்பதும் கரைக்குக் கொண்டுவருவதும் நமது நாட்டில் தடை. "செத்ததத் திரும்பக் கடல்ல போடுறது வீண்விரயம் இல்லியா? வீண்விரயம் ஹராம்தானே?" என்று கேட்டார் ஒருவர். நியாயமான கேள்வி. தனியொரு மீனை மட்டும் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி. ஆனால் செத்ததைக் கொண்டுவரலாம் என்று அனுமதித்தால் அடுத்த நாளிலிருந்து கரைக்கு வரும் எல்லாச் சுறாவும் 'செத்தே ஏறியதாக'த்தான் இருக்கும். கெட்டதற்குப் போகும் வாசலை முன்கூட்டியே அடைப்பதை உஸூல் கலையில் 'ஸத்துத் தராஇஃ' என்பார்கள். நல்லவரின் ஒரு மீன் வீணாவது பொய்யரின் நூறு மீனைத் தடுக்கும் விலை.

அப்படியானால் விதிவிலக்கே இல்லையா? உண்டு. அபூஉபைதா (ரலி) தலைமையில் போன 300 பேர் கொண்ட படையில் உணவு தீர்ந்து, நாளுக்கு ஒருவருக்கு ஒரு பேரீச்சம்பழம் என்றாகியது. அப்போது கரையில் ஒரு பெரும் திமிங்கிலம் ஒதுங்கிக் கிடந்தது. முதலில் அவர் அது செத்தது என்று தயங்கினார். பிறகு நாம் அல்லாஹ்வின் பாதையில் வந்தவர்கள், நிர்ப்பந்தத்திலும் இருக்கிறோம் என்று சொல்லி உண்ண அனுமதித்தார். மதீனா திரும்பியதும் நபி (ஸல்) அவர்கள் அதை அல்லாஹ் தந்த உணவு என்று சொல்லி, மீதியில் தாமும் கேட்டு உண்டார்கள். இந்தத் தீர்ப்பில் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். பசி உண்மையானது, இலாபம் அல்ல. முடிவு இருட்டில் எடுக்கப்படவில்லை. 300 பேர் முன்னிலையில் எடுக்கப்பட்டது. முடிந்ததும் அதை மறைக்கவில்லை. கேட்க வேண்டியவரிடம் போய்ச் சொன்னார்கள்.

சட்டத்தை மீறத் தோன்றும் எவரும் இந்த மூன்றையும் தன்னிடமே கேட்டுப் பார்க்கலாம். இது பசியா, இலாபமா? ஊர் முன்னால் செய்வேனா? கேட்டால் ஒளிக்காமல் சொல்வேனா? கடைசி இரண்டுக்கும் 'இல்லை' என்று வந்தால் அது மனச்சாட்சி அல்ல, ஆசை மனச்சாட்சியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

உன் உள்ளத்திடம் தீர்ப்புக் கேள் என்ற கருத்தில் வாபிஸா (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஹதீஸையும் சிலர் ஆதாரம் காட்டுவார்கள். மக்கள் ஆகும் என்று தீர்ப்புத் தந்தாலும் உள்ளம் உறுத்தினால் அது பாவம் என்பதே அந்த ஹதீஸின் போக்கு. அதாவது முஃப்தி அனுமதித்ததை உள்ளம் விட்டுவிடலாம். தடுத்ததை எடுத்துக்கொள்ள அங்கே அனுமதி இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் பேணுதலை நான்கு படிகளாகப் பிரித்தபோது ஃபத்வா தடுத்ததை விடுவது முதற்படி மட்டும்தான். மேலுள்ள மூன்றும் ஆகுமானவற்றிலேயே இன்னும் இறுக்கிக்கொண்டு போவது. சட்டம் நிற்கும் இடத்திலிருந்து மனச்சாட்சி மேலே ஏறுகிறது, கீழே இறங்குவதில்லை.

அந்தக் கடற்றொழிலாளருக்கு

இனி அவரது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் மடையன் அல்ல. ஆனால் உங்கள் நல்ல மனதால் மட்டும் கடல் காப்பாற்றப்படாது என்பதும் உண்மை. நீங்கள் விட்டதை மற்றவர் பிடித்தால் இறால் குறையத்தான் செய்யும். சட்டம் தேவைப்படுவது இதற்காகத்தான்: நல்லவரின் அடக்கத்தை எல்லோர் மீதும் கடமையாக்கி, நல்லவர் நட்டப்படாமல் பார்ப்பது அதன் வேலை. அதேநேரம் அதிகாரி இல்லாத கடலில் அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுப்பது உங்களைப் போன்றவர்களின் உள்ளம். ஒன்றில்லாமல் மற்றது ஒரு பருவத்துக்கும் தாங்காது.

சட்டம் சின்னத் தோணிக்காரனை மட்டும் பிடிக்கிறது, பெரிய முதலாளியை விட்டுவிடுகிறது என்ற குறையும் உண்டு. அது பல இடங்களில் உண்மை. உமர் (ரலி) அவர்கள் ஹிமாவுக்குப் பொறுப்பாக ஹுனைய் என்பவரை வைத்தபோது சொன்னதைப் புகாரி பதிவு செய்கிறது. கொஞ்ச ஒட்டகமும் கொஞ்ச ஆடும் வைத்திருப்பவனை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளைத் தடு. அவர்களுக்கு மந்தை அழிந்தாலும் தோட்டமும் விளைச்சலும் இருக்கிறது, ஏழைக்கு வேறில்லை என்ற கருத்தில் உத்தரவிட்டார்கள். வேலியும் வேண்டும், வேலிக்காரனிடம் நீதியும் வேண்டும். சட்டம் சமமாக நடக்கவில்லை என்றால் அதற்காகக் குரல் கொடுப்பது நம் கடமை; மீறுவதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

சனிக்கிழமை ஊரில் மூன்று கூட்டம் இருந்தது: மீறியவர்கள், தடுத்தவர்கள், 'இவங்களுக்குச் சொல்லி என்னத்துக்கு' என்று தடுத்தவர்களையே கேட்டவர்கள். தடுத்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள் என்று அல்குர்ஆன் வெளிப்படையாகச் சொல்கிறது. மூன்றாவது கூட்டத்தைப் பற்றி அது தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை. அவர்களின் முடிவைப் பற்றி முஃபஸ்ஸிர்கள் இன்றும் இரு கருத்தில் இருக்கிறார்கள். செப்டெம்பர் பிறக்க முன்னர் ஒரு ஜும்ஆவில் இறால் தடையைப் பற்றிக் கதீப் ஐந்து நிமிடம் பேசலாம். கலியாண வீட்டில் மான் இறைச்சி வேண்டாம் என்று நிர்வாகசபை முடிவெடுக்கலாம். வெடி மீனை வாங்காமல் நாம் திரும்பி வரலாம். கடலுக்குப் போகாத நம்மில் பெரும்பாலோர் இருப்பது அந்த மூன்றாவது கூட்டத்தின் இடத்தில்தான். அங்கிருந்து நகர்வது நம் கையில் இருக்கிறது.